பாட்டுக்கார வீட்டுக்குப் பக்கத்து வீடு

மீன்கார நஸீமுக்குச் சாய்ந்தமருதில் ஒரு வீட்டில் சொன்னார்களாம். அந்த வீட்டுக்காரிக்கு அவளுடைய மச்சாள் சொன்னாளாம். மச்சாளுக்கு யார் சொன்னது என்று நஸீம் கேட்டு வைக்கவில்லை. வெயில் ஏறுமுன் கல்முனைக்குடி ஒழுங்கைகளையெல்லாம் சுற்றி முடிக்கிற அவசரம் அவருக்கு. ஆனாலும் கீரிமீனைச் சட்டியில் அள்ளிப் போட்டபடியே கதையையும் இறக்கி வைத்தார்.

"ராத்தா, பேஸ்புக்கில நாடகத்தப் பத்திப் பகிடி எழுதுற பொம்புள ஒராள் இரிக்காவே, பக்கத்து வீட்டுக்காரி எண்டு. அவ நாடகமே பாக்கிறல்லையாம்!"

முஸ்பிறா சட்டியை இன்னும் கொஞ்சம் கிட்ட நீட்டினாள். "ஆரு சொன்ன?" என்றாள்.

"ஊரே கதைக்கி. காரைதீவில ஒரு அக்காதானாம் கதை சொல்லிக் குடுக்கிற. திருக்கோவில் பஸ்ஸில போகக்குள்ள போன்ல சொல்லுவாவாம், பஸ்ஸே கேட்டுச் சிரிக்குமாம். இப்ப அந்த அக்கா கதைக்கிறத நிப்பாட்டிட்டாவாம்."

"ஏனாம்?"

"அவட அப்பா இடுப்பு முறிஞ்சி ஆசுபத்திரியில கிடக்கக்குள்ள, அவ நித்திரையில நாடகம் பாத்த எண்டு இவ எழுதிப் போட்டாவாம். பஸ்ஸில எல்லாரும் அந்த அக்காவப் பாத்துச் சிரிச்சாங்களாம். பாவம், அழுதிட்டாவாம். என்ன பொம்புளையோ! இன்னும் ரெண்டு மீன் போடவா ராத்தா?"

"காணும்," என்றாள் முஸ்பிறா.

நஸீம் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பிக்கொண்டு அடுத்த ஒழுங்கைக்குள் திரும்பினார். என்ன பொம்புளையோ என்று கேட்டது அந்தப் பொம்புளையிடமேதான் என்பது அவருக்குத் தெரியாது. அது தெரிந்த ஆட்களை ஒரு கையின் விரலுக்குள் அடக்கிவிடலாம்.

முஸ்பிறாவுக்கு நாற்பத்து நாலு வயது. கல்முனையில் ஒரு அரசாங்கக் கந்தோரில் பதினெட்டு வருடமாக எழுதுவினைஞர். 'மேற்படி விடயம் தொடர்பாக' என்று தொடங்கி 'தங்கள் உண்மையுள்ள' என்று முடிகிற கடிதங்களைத்தான் ஆயிரக்கணக்கில் எழுதியிருக்கிறாள். சிரிக்க வைக்கிற முகமும் இல்லை அவளுக்கு. கலியாண வீடுகளில் எல்லோரும் ஒரு கதைக்குச் சிரித்து முடித்த பிறகுதான் அவளுக்குச் சிரிப்பு வரும். அப்படிப்பட்டவள்தான் மாலை ஐந்து மணிக்கு 'பக்கத்து வீட்டுக்காரி' ஆகிவிடுகிறாள். இது தெரிந்தவர்கள் மூன்று பேர்: சைக்கிள் சாமான் கடை வைத்திருக்கும் கணவர் சப்ரி, தோஹாவில் ஒரு வீட்டில் வேலை பார்க்கும் தங்கை நஸ்லா, பிறகு துஷாந்தினி.

அந்த டீவி நாடகத்தின் பெயர் 'பாட்டுக்கார வீடு'. திங்கள் முதல் வெள்ளி வரை இரவு ஏழரைக்கு. ஒரு பெரிய வீடு, அதற்குள் பாடகர் குடும்பம். அந்த வீட்டில் யாரும் கதைக்க மாட்டார்கள், பாடுவார்கள். மகேஸ்வரி மாமிக்குக் கோபம் வந்தாலும் பாட்டு, பசி வந்தாலும் பாட்டு. வீட்டுக்குள் கள்ளன் புகுந்த அன்றைக்கும் முதலில் ஆலாபனை, அதற்குப் பிறகுதான் கூக்குரல். மருமகள் சாருவைப் பாடவிடாமல் தடுப்பதே மாமியின் முழுநேரத் தொழில். மூன்று வருடமாகத் தடுக்கிறா. சாருவும் மூன்று வருடமாகப் பாடிக்கொண்டேதான் இருக்கிறாள்.

இந்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் குடியிருக்கும், நித்திரையில்லாத ஒரு பெண்தான் பக்கத்து வீட்டுக்காரி. நாடகத்தில் அப்படியொரு ஆள் இல்லை. மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, இந்தச் சத்தத்துக்குள் தான் படும் பாட்டை அவள் எழுதுவாள்.

'தேங்காய் ஒண்டு கேட்டுப் போனன். பல்லவி, அனுபல்லவி, ரெண்டு சரணம் முடியுமட்டும் வாசல்ல நிண்டன். கடைசியில தேங்காய் இல்லை எண்டு சொன்னாங்க, அதையும் ஒரு தரம் திருப்பிப் பாடித்தான் சொன்னாங்க.'

'சாரு குசினியில் அழுதா. பின்னால நாப்பது வயலின் வாசிச்ச. அந்தக் குசினிக்குள்ள நாப்பது பேர் எங்க ஒளிச்சிருந்தாங்க? அவங்களுக்கு ஆர் பிளேன்டீ ஊத்திக் குடுத்த?'

வயலின்காரர்களுக்கு பிளேன்டீ கொடுத்த அந்த வரியைப் படித்துவிட்டு, தோஹாவில் வேலைக்காரப் பெண்கள் நாலைந்து பேர் ஒரு போனைச் சுற்றி நின்று சிரித்ததாக நஸ்லா அப்போது சொன்னாள். தன்னுடைய மேடம் வந்து என்ன சத்தம் என்று கேட்டாவாம். அந்த வரி முஸ்பிறாவுடையது அல்ல. துஷாந்தினியுடையது. தேங்காயும் அவளுடையதுதான்.

துஷாந்தினி காரைதீவு. முஸ்பிறாவும் அவளும் ஒரே மேசையின் இரண்டு பக்கத்தில் பதினொரு வருடம் இருந்தவர்கள். கந்தோர்ப் பழக்கத்தில் ஒருத்தியை ஒருத்தி 'மிஸ்' என்று கூப்பிடத் தொடங்கி, பிறகு பிள்ளைகளின் காய்ச்சல், புருஷன்மாரின் பிடிவாதம் எல்லாம் பகிர்ந்துகொண்ட பின்னும் அந்த மிஸ் போகவேயில்லை.

முஸ்பிறாவின் உம்மா மவுத்தான வருடம் அவள் அந்தத் துக்கத்தில் சிரிப்பதையே விட்டுவிட்டாள். கந்தோருக்கு வருவாள், கடிதம் எழுதுவாள், போவாள். வீட்டில் டீவி போடுவதில்லை. ஒரு நாள் காலை துஷாந்தினி எதிரில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, "மிஸ், நேத்து அந்த வீட்டில என்ன நடந்ததெண்டு தெரியுமா?" என்றாள்.

"எந்த வீட்டில?"

"பாட்டுக்கார வீட்டில. மாமி கிணத்துக்குள்ள விழுந்திட்டா. விழுந்தும் சுருதி விலகல்ல. கிணறெண்டபடியா எதிரொலியும் சேர்ந்து ஒரே நேரத்தில ரெண்டு மாமி. ஒண்டையே தாங்க ஏலாமத்தான் அந்த மருமகள் தவிக்கிறாள்!"

முஸ்பிறா பைலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அழுகிறாளோ என்று பயந்து துஷாந்தினி எழுந்து வந்து பார்த்தாள். ஒன்பது மாதத்துக்குப் பிறகு முதல் சிரிப்பு அது. அடுத்த நாளும் சொன்னாள், அதற்கடுத்த நாளும். முஸ்பிறா அதை நஸ்லாவுக்கு வட்ஸ்அப்பில் எழுதி அனுப்ப, நஸ்லா அறைத் தோழிகளுக்கு வாசிக்க, "எல்லாருக்கும் போடு ராத்தா" என்று அவள் பிடித்த பிடியில்தான் அந்தப் பேஸ்புக் பக்கம் தொடங்கியது.

மற்ற மாதங்களில் முஸ்பிறா நாடகத்தைப் பார்த்துத்தான் எழுதினாள். நஸீம் கொண்டுவந்த கதையில் உண்மை ஒரு மாதத்துக்கு மட்டும் உண்டு. நோன்பு மாதத்துக்கு.

தலைப் பிறை கண்டதும் அந்த ஒழுங்கையில் ஏறக்குறைய எல்லா வீடுகளிலும் டீவிக்கு முக்காடு விழுந்துவிடும். சிலர் வயரைக் கழற்றி அலுமாரிக்குள் வைப்பார்கள். சப்ரி பழைய கட்டில் விரிப்பால் சுற்றி, சைக்கிள் டியூபை வெட்டிய றப்பர் பட்டியால் இறுக்கிக் கட்டுவார். முப்பது நாளும் அது ஒரு மூலையில் கபன் துணி சுற்றிய பிரேதம் மாதிரி நிற்கும். ஆனால் மகேஸ்வரி மாமி என்ன செய்கிறாள் என்ற யோசனையை எந்த விரிப்பால் சுற்றுவது? நாடகம் பார்ப்பதைத்தான் விட்டோம், நாலு வரி வாசிப்பதில் என்ன இருக்கிறது என்று ஊர்ப் பெண்கள் தங்களுக்குள் ஒரு தீர்ப்புச் சொல்லிக்கொண்டார்கள். அதனால் வருடத்தில் எந்த மாதத்தையும் விட நோன்பு மாதத்தில்தான் பக்கத்து வீட்டுக்காரிக்கு வாசகர் அதிகம். பின்னேரம் அசர் தொழுதுவிட்டு, நோன்புக் கஞ்சி கொதிக்கும்போது, ஒருத்தி உரக்க வாசிப்பாள். மற்றவர்கள் நோன்பு திறக்கத் தின்பதற்கு றோல் சுற்றிக்கொண்டே கேட்பார்கள்.

அந்த மாதம் முழுக்கத் துஷாந்தினிதான் பார்ப்பாள். காலையில் மேசையில் சொல்வாள். பகல் சாப்பாட்டு நேரத்தில், சாப்பாடில்லாத அந்த அரைமணித்தியாலத்தில், முஸ்பிறா எழுதி வைப்பாள். துஷாந்தினி அவளுக்கு முன்னால் தண்ணீரும் குடிக்க மாட்டாள். "குடிங்க மிஸ்" என்றால், "எனக்கும் விடாய்க்கல்ல" என்று சொல்லிவிட்டு, கொஞ்ச நேரத்தில் ஏதாவது பைல் தேடுகிற சாட்டில் பின்னறைக்குப் போய்வருவாள்.

வைகாசியில் கணக்கு மாறும். காரைதீவில் கண்ணகி அம்மன் சடங்கு. கோயில் கதவு திறந்தால் குளிர்த்திச் சடங்கு முடியுமட்டும் துஷாந்தினி மாலையானால் கோயிலடியில்தான். அவள் வீட்டிலும் அப்போது டீவி போடுவதில்லை. அந்த நாட்களில் முஸ்பிறா பார்த்துவிட்டு வந்து காலையில் சொல்ல வேண்டும். "நோன்புக்கு நான், சடங்குக்கு நீங்க" என்று துஷாந்தினி ஒரு நாள் சொன்னதை இருவரும் உடன்படிக்கையாகவே எடுத்துக்கொண்டார்கள். முஸ்பிறா சொன்னால் சிரிப்பு வராது. "மாமி பாடினா. பிறகு சாரு பாடினா. பிறகு விளம்பரம்" என்பாள். அந்தச் சொல்லும் விதத்துக்கே துஷாந்தினி விழுந்து விழுந்து சிரிப்பாள்.

இந்த வருடம் தையில் துஷாந்தினிக்குத் திருக்கோவிலுக்கு மாற்றல் வந்தது. நோன்பு வந்தபோது, "பயப்படாதீங்க மிஸ், பஸ்ஸில ஒரு மணித்தியாலம் சும்மாதானே இருக்கிறன்" என்று அவளே சொன்னாள். காலை ஏழு மணிக்குப் போன் வரும். பஸ் இரைச்சலுக்கு மேலாகக் கத்திச் சொல்ல வேண்டியிருந்ததால் கதை முழுப் பஸ்ஸுக்கும் கேட்டது. நிந்தவூரில் ஏறுகிறவர்கள் அவளுக்குப் பின் சீட்டாகப் பார்த்து இருந்தார்கள். பாலமுனையில் இறங்க வேண்டிய ஒரு மாஸ்டர், மாமி கதவைத் திறந்தாவா இல்லையா என்று தெரியாமல் இறங்க மனமின்றி அக்கரைப்பற்று வரை போய் வேறு பஸ்ஸில் திரும்பி வந்தாராம். பஸ்ஸில் இருந்தவர்களுக்கு விளங்கிவிட்டது, பக்கத்து வீட்டுக்காரி அடிக்கடி எழுதுகிற 'எமது காரைதீவு நிருபர்' இவள்தான் என்று. முஸ்பிறாவின் முகம் ஒருவருக்கும் தெரியாது. துஷாந்தினியின் முகம் ஒரு பஸ்ஸுக்கே தெரியும். இதை முஸ்பிறா அப்போது யோசிக்கவில்லை.

இருபத்திரண்டாம் நோன்பன்று போன் வரவில்லை.

பஸ்ஸில் சனம் போல என்று நினைத்தாள். அன்றைக்கு விளம்பரங்களைப் பற்றி எழுதிச் சமாளித்தாள். அடுத்த நாளும் வரவில்லை. பாட்டுக்கார வீட்டுக் கொடியில் காயும் பட்டுச் சீலைகளைப் பற்றி ஏதோ எழுதினாள். கீழே கேள்விகள் குவிந்தன. 'ராத்தா, சீலை கிடக்கட்டும், மாமி என்ன செஞ்ச?' 'கச்சேரியில சாரு பாடினாளா?' 'கஞ்சி கரிஞ்சி போச்சு உங்களப் பாத்துப் பாத்து.' முஸ்பிறா ஒவ்வொன்றையும் மூன்று தரம் வாசிக்கிற ஆள். துஷாந்தினிக்கு ஒரு செய்தி அனுப்பினாள். பதில் வந்தது: 'ஏலாம இருக்கு மிஸ். பிறகு சொல்றன்.'

மூன்றாம் நாளும் ஒன்றும் வராததால், முஸ்பிறா தானே ஒரு கதையைக் கட்டினாள்.

கோயில் கச்சேரியில் மகேஸ்வரி மாமி மேல் ஸ்தாயிக்கு ஏறினா. ஏறிய இடத்தில் குரல் அறுந்தது. இனி வராது என்று டொக்டர் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்த மாமி ஒரு சிலேற்றில் எழுதி மருமகளிடம் நீட்டினா: 'என்ன மன்னிச்சிக்கோ மகள்.' அன்றைக்கு முதல் தடவையாகப் பாட்டுக்கார வீட்டில் சத்தம் இல்லை, பக்கத்து வீட்டுக்காரிக்கு அந்த அமைதியில் நித்திரை வரவில்லை என்று முடித்தாள். நோன்பின் கடைசிப் பத்து நாள், மன்னிப்புக் கேட்கிற காலம், இதில் என்ன பிழை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

ஊர் அழுதது. தோஹா அழுதது. பொய்யென்று சொல்ல ஒருவருக்கும் வழியில்லை, எல்லோருடைய டீவியும் முக்காட்டுக்குள். முஸ்பிறா மிச்ச நோன்பு முழுக்க மாமியைச் சிலேற்றில் எழுத வைத்தே ஓட்டினாள். அடுத்த ஒழுங்கையில் சபூறா என்று ஒரு மாமியார், மருமகளோடு இரண்டு வருடம் முகம் பார்க்காதவ, பெருநாளன்று ஒரு சட்டி வட்டிலாப்பம் அனுப்பிவிட்டா. எல்லாம் அந்தச் சிலேற்று செய்த வேலை.

பெருநாளுக்கு மறுநாள் ஏழரைக்கு விரிப்புகள் அவிழ்ந்தன. திரையில் மகேஸ்வரி மாமி, வெண்கலக் குரலில் உச்சத்தில் பாடிக்கொண்டே, மருமகளின் பாலுக்குள் குரல் கெடுகிற மருந்தைக் கலக்கிக்கொண்டிருந்தா.

அரை மணித்தியாலத்துக்குள் இருநூறு கேள்வி. 'சிலேற்று எங்க?' என்று ஒருத்தி. 'நோன்போட பொய்யா?' என்று இன்னொருத்தி. சபூறா, "வட்டிலாப்பம் திண்டது திண்டதுதான், சட்டிய அனுப்பிவிடச் சொல்லு" என்று மருமகளுக்குச் சொல்லியனுப்பினா. வெறுஞ்சட்டி அனுப்பக் கூடாதென்று மருமகள் அதில் தொதல் வைத்து அனுப்ப, தொதல் வந்த சட்டியை வெறுமையாக வைத்திருக்க மாமியாருக்கும் மனம் வராமல், அந்தச் சட்டி இன்றுவரை இரண்டு வீட்டுக்கும் போய்வந்துகொண்டிருக்கிறது. ஆனால் அன்றைக்கு முஸ்பிறாவுக்கு இது எதுவும் தெரியாது. நான்தான் கட்டினேன் என்று ஒரு வரி எழுதியிருந்தால் முடிந்திருக்கும். அவள் எழுதியது வேறு:

'வாசகர்கள் மன்னிக்கவும். எமது காரைதீவு நிருபர் இம்முறை நித்திரையில் நாடகம் பார்த்திருக்கிறார். முகம் கழுவிவிட்டுப் பார்க்கும்படி கேட்டிருக்கிறோம்.'

ஆயிரத்துக்கு மேல் சிரித்த முகங்கள் விழுந்தன. அவள் மூச்சு விட்டாள். துஷாந்தினியிடமிருந்து ஒரு செய்தி வந்தது: 'சரி மிஸ்.' பகிடியாக எடுத்துக்கொண்டா என்று முஸ்பிறா வைத்துக்கொண்டாள். பெருநாள் சாப்பாட்டுக்கு ஒவ்வொரு வருடமும் பிள்ளைகளோடு வருகிறவள் இந்த முறை அதற்கும் வந்திருக்கவில்லை. திருக்கோவில் தூரம், களைப்பாக இருக்கும் என்று அதற்கும் ஒரு காரணம் வைத்துக்கொண்டாள். திருக்கோவில்தான் தூரம். காரைதீவு பத்து நிமிடம். ஏழு கிழமை இப்படிப் போய்விட்டது.

இப்போது கீரிமீன் குசினியில் கிடக்க, முஸ்பிறா போனை எடுத்து அந்தச் செய்திகளைத் தேடிப் பார்த்தாள். இருபத்துமூன்றாம் நோன்பன்று தான் அனுப்பியது அப்படியே இருந்தது.

'மிஸ், என்ன நடந்த? மாமி பாடினாவா இல்லையா? எல்லாரும் கேக்காங்க.'

அதற்குத்தான் 'ஏலாம இருக்கு மிஸ்' என்று பதில் வந்திருக்கிறது. அவள் திருப்பி ஒரு சொல் கேட்கவில்லை. என்ன ஏலாமல் இருக்கிறது என்று கேட்கவில்லை. துஷாந்தினியின் அப்பா அழகரெத்தினம் அறுவடை நேரத்தில் வயலுக்குப் போகாமல் வீட்டில் இருக்க மாட்டார் என்பது அவளுக்குத் தெரியும். வருடா வருடம் புது நெல்லுக் குத்தி ஒரு பை அரிசி மகள் கையில் கொடுத்தனுப்புகிறவர். 'முஸ்பிறா மகளுக்கு' என்று பையில் பேனையால் எழுதியிருப்பார். இந்த வருடம் அரிசி வரவில்லை. அதையும் அவள் கேட்கவில்லை.

பகல் சாப்பாட்டுக்கு வந்த சப்ரி, சமைக்காத மீனையும் சமைக்காத பெண்சாதியையும் பார்த்தார்.

"என்ன, மகேஸ்வரி மாமிக்கு ஏதும் நடந்திட்டா?"

"இஞ்சாருங்க, பகிடி விடாதீங்க." எல்லாவற்றையும் சொன்னாள். நஸீம் சொன்னதை, செய்தியை, அரிசியை. அவர் கை கழுவிக்கொண்டு வந்து மேசையில் இருந்தார்.

"அந்தப் புள்ள அழுததா?"

"ஓம். அப்பிடித்தான் கதை."

"நீ அப்ப என்ன செய்யப் போறாய்?"

"எழுதப் போறன். எல்லாத்தையும். என்ட பேரோட."

அவர் பாண் துண்டைப் பிய்த்து வாழைப்பழத்தோடு தின்றுவிட்டுக் கடைக்குப் போனார். முஸ்பிறா குசினி மேசையிலேயே இருந்து எழுதினாள். கந்தோர்க் கடிதம் எழுதி எழுதிப் பழகிய கை, 'மேற்படி விடயம்' என்று ஒரு தரம் தொடங்கிவிட்டது. அழித்தாள்.

'என் பெயர் முஸ்பிறா. பாட்டுக்கார வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் நான் இருக்கவில்லை. கல்முனைக்குடியில் இருக்கிறேன். நோன்பின் கடைசி நாட்களில் நான் எழுதிய கதை நான் கட்டிய கதை. எனக்கு ஒருவரும் பிழையாகச் சொல்லவில்லை. அந்த நாட்களில் எனக்குச் சொல்ல வேண்டியவர் தன் தகப்பனோடு ஆசுபத்திரியில் இருந்திருக்கிறார். நான் விசாரிக்கவில்லை. மாமியை விசாரித்தேன்.

கிணற்றுக்குள் இரண்டு மாமி என்று நீங்கள் சிரித்தது அவருடையது. வயலின்காரருக்கு பிளேன்டீ அவருடையது. தேங்காய் அவருடையது. கள்ளன் தாளம் போட்டது, பூனைக்கு சங்கீதம் பழக்கியது, ஆட்டோவுக்குள் தம்புரா நுழையாமல் போனது, எல்லாம் அவருடையது. என் உம்மா மவுத்தான வருடம் நான் சிரித்ததும் அவரால்தான். நான் செய்ததெல்லாம் எழுத்துப் பிழையில்லாமல் எழுதினது. இத்தனை வருடமாக உங்களைச் சிரிக்க வைத்தவருக்கு நான் ஒரு பெயர்கூடக் கொடுக்கவில்லை. நிருபர் என்றேன். அவர் பெயர்'

அந்த இடத்தில் நின்றாள்.

துஷாந்தினி என்று எழுத விரல் போனது. ஆனால் அந்தப் பெயரை ஊருக்கு முன் வைக்கச் சொல்லி யார் கேட்டார்கள்? ஒரு தரம் கேட்காமல் எழுதித்தானே பஸ் சிரித்தது. இந்த முறை நல்லதுக்கு எழுதினாலும், ஆயிரம் பேர் வந்து அவளுடைய அப்பாவின் இடுப்பை விசாரிப்பார்கள். அவளுக்கு அது வேண்டுமோ வேண்டாமோ. பெயர் போடாமல் விட்டால் பழையபடி எல்லாம் தன்னுடையதாகிவிடும். முஸ்பிறா திருப்பித் திருப்பி வாசித்தாள். மூன்று தரம் அல்ல, பத்துத் தரம்.

நாலு மணிக்கு சப்ரி பிளேன்டீக்கு வந்தபோதும் அவள் அதே இடத்தில் இருந்தாள். வாங்கி வாசித்தார். கடை மேசையில் பற்றுச்சீட்டு வாசிக்கிற ஆள், வாயசைத்து மெதுவாக வாசித்தார். பூனைக்கு சங்கீதம் வந்த இடத்தில் சிரித்தார். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"நல்லாரிக்கி. ஆனா இத வாசிச்சி ஊர் உன்ன மன்னிச்சிரும். உனக்கு ஊரா தேவை?"

"அவ மன்னிக்கோணும்."

"அப்ப அவக்கிட்டக் கதையேன். இது கடதாசி வேலை. கந்தோருக்குச் சரி."

"என்னண்டு கதைக்கிற? ஏழு கிழமை."

"எட்டாம் கிழமைக்குப் பொறகு இன்னும் கஷ்டம். எடு போன."

அவர் சொன்னது சரி. அதோடு அவளிடம் இன்னொன்றும் இருந்தது, சப்ரிக்கும் சொல்லாதது. காரைதீவில் புதன்கிழமையே கோயில் கதவு திறந்துவிட்டது. அன்றிலிருந்து மூன்று இரவும் ஏழரைக்கு அவள் டீவிக்கு முன்னால் கொப்பியோடு இருந்து குறித்து வைத்திருக்கிறாள். சொல்ல ஆளில்லை என்று தெரிந்துதான் குறித்தாள். 'மாமி பாடினா. சாருக்குத் தொண்டை கட்டிட்டு. பிறகு விளம்பரம்.' துஷாந்தினிக்கு இந்த மூன்று நாளும் என்ன நடந்தது என்று தெரியாது. உடன்படிக்கைப்படி அது முஸ்பிறாவின் பொறுப்பு.

ஆனால் முதலில் நாடகம் இல்லை. முதலில் அப்பா. 'அப்பாக்கு எப்பிடி மிஸ், நடக்காரா?' அதைக் கேட்க வேண்டும். கேட்டுவிட்டுச் சும்மா இருக்க வேண்டும், அவள் எவ்வளவு நேரம் சொன்னாலும், ஏசினாலும். அதற்குப் பிறகுதான் அந்தப் பெயரை எழுதலாமா என்று கேட்பது. எழுத வேண்டாமென்றால் எழுதுவதில்லை. கொப்பி கடைசிக்கு.

இந்நேரம் துஷாந்தினி தலைக்குத் தண்ணீர் வார்த்துவிட்டுக் கோயிலுக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருப்பாள். போன் கட்டிலில் கிடக்கும், மகள் யதுசா எடுத்தாலும் எடுப்பாள். அம்மா, முஸ்பிறா அன்ரி, என்று கத்துவாள். அல்லது திரையில் பெயரைப் பார்த்துவிட்டுத் துஷாந்தினியே அதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

முஸ்பிறா பிஸ்மி சொல்லிப் பெயரை அழுத்தினாள். காதில் வைத்தாள். சப்ரி கோப்பையை மேசையில் சத்தமில்லாமல் வைத்தார்.

"போகுதா?"

தலையாட்டினாள். மணி போய்க்கொண்டிருந்தது.

"எடுக்கல்லையா?"

"இன்னும் இல்ல," என்று வாயைக் கையால் மூடிக்கொண்டு சொன்னாள், அந்தப் பக்கம் எடுத்துவிட்டால் கேட்டுவிடுமோ என்பதுபோல. சேலைத் தலைப்பால் காதோரம் வேர்வையைத் துடைத்துவிட்டுப் போனை மற்றக் காதுக்கு மாற்றினாள். மணி போய்க்கொண்டிருந்தது.